கைராசிக்காரி

ஆறாவது கிண்ணமும் திரிந்துபோனது.

பூங்கோதைக்கு எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற நாமக்கல் இளைஞர் நிமிர்ந்த விதமே சொல்லிவிட்டது. நீலப் பளபளப்பு ஓடியிருக்க வேண்டிய கிண்ணத்தில் கெட்டுப்போன பால் மாதிரி வெள்ளைக் கட்டிகள் மிதந்தன.

"நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா மேடம்?" என்று கேட்டார் அவர், வெளியே வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே. "எழுதிக் குடுத்த மாதிரியேதான் பண்ணுனேன்."

"தப்பே இல்லைங்க. சுத்தமாப் பண்ணீங்க. கேன்டீன்ல போய் ஏதாவது சாப்பிடுங்க. ரிசல்ட் சாயங்காலம் சொல்லுவாங்க."

அது பொய்யில்லை. காலையிலிருந்து வந்த ஆறு பேருமே தப்புப் பண்ணவில்லை. மூன்று வருடங்களில் இதே போல நடந்த ஐந்து தேர்வுகளுக்கு வந்த நாற்பத்துச் சொச்சம் பேரும் பண்ணவில்லை. விளம்பரம் என்னவோ லட்சணமாகத்தான் இருக்கும். "நானோ அறிவியல், பொருள் அறிவியல் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்பு. ஓர் இடம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், செய்முறைத் தேர்வு." கை நடுங்காமல் வேலை செய்கிறோமா என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். அந்தச் செய்முறைத் தேர்வு உண்மையில் எதற்கு என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பூங்கோதை. இன்னொருவர் அவளுடைய கைடு, பேராசிரியர் நளாயினி.

மணி ஒன்றே முக்கால். வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்கோதையின் ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகிறது. ஏழு வருடம், அதற்குமேல் இரண்டு தடவை நீட்டிப்பு, எல்லாம் தீர்ந்துவிட்டது. கைடு கையெழுத்துப் போட்ட படிவத்தோடு தீசிஸை ஐந்து மணிக்குள் பக்கத்துக் கட்டடத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கொடுத்தாக வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குத் தலைகீழாக நின்றாலும் வாங்க மாட்டார்கள். படிவம் நளாயினி மேடத்தின் மேசை இழுப்பறையில் கிடந்தது, கையெழுத்தில்லாமல்.

விராலிமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் பூங்கோதையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கைராசிக்காரி என்பார்கள். வாட்ச்மேன் புது ஸ்கூட்டர் வாங்கியபோது முதல் தடவை ஸ்டார்ட் பண்ண அவளைத்தான் தேடி வந்தார். கேலிதான். ஆனால் கேலிக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. ஏனென்றால் நீலப்படலம் அவள் கையில் மட்டும்தான் உருவானது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சவ்வு. பழுதான சிறுநீரகம் செய்ய முடியாத வேலையை அது செய்யும். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு வாரம் மூன்று நாள் படுத்துக் கிடக்க வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு தடவை சவ்வை மாற்ற வேண்டும். முன்கூட்டியே நிறையச் செய்து வைக்கவும் முடியாது, கெட்டுவிடும். இப்போதைக்குச் சோதனை முறையில் நாற்பத்தோரு பேர் அந்தப் பெட்டியோடு கரூரிலும் மணப்பாறையிலும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். சவ்வை யாரும் நெய்வதில்லை. கலவையைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு நின்றால் அணுக்கள் தாமாகவே வரிசை கட்டிக்கொள்ளும். பூங்கோதை நின்றால் மட்டும். அதே ரசாயனம், அதே அறை, அதே சூடு. வேறு யார் நின்றாலும் திரிந்துவிடும்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஆராய்ந்தார்கள். அவள் மூச்சைப் பையில் பிடித்தார்கள், வியர்வையைப் பஞ்சில் ஒற்றினார்கள். அவளிடமிருந்து பிரித்து எடுத்த எதுவும் வேலை செய்யவில்லை. உயிருள்ள அந்த உடம்பே பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதற்குச் 'செய்பவர் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் பூங்கோதையின் தீசிஸில் நான்காவது அத்தியாயம். வெளிநாட்டு மாநாடுகளில் மேடம் அதைப் பேசியபோது எழுந்து நின்று கை தட்டினார்களாம். பூங்கோதை போகவில்லை. போய்வரப் பதினோரு நாள் ஆகும்.

ஐந்து வருடங்களாக அவள் ஒன்பது நாளுக்குமேல் எங்கும் போனதில்லை. கணவன் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தான். "ஒன்பது நாள் பொண்டாட்டி" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வது இப்போதெல்லாம் சிரிப்பாக இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தையல் பிரிக்கும் முன்பே பஸ் ஏறியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, டெங்கு வந்து பதினாறு நாள் படுத்துவிட்டாள். அந்தப் பதினாறு நாளில்தான் காசிராஜன் போனார். இடுப்பில் அந்தப் பெட்டியோடு வேலைக்குப் போன அரசு பஸ் கண்டக்டர். சவ்வு தீர்ந்தபோது ஆஸ்பத்திரி இயந்திரத்தில் அவருக்கு நேரத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவை சவ்வு மாற்றியதும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புவார்: "பொட்டி மாத்தியாச்சு. ரைட், போலாம்." அந்தச் செய்திகளை அவள் இன்னும் அழிக்கவில்லை. அவரைத் தான்தான் கொன்றதாகவே அவள் நினைத்தாள், யார் என்ன சொன்னாலும்.

இன்டர்காம் அலறியது.

"ஆறும் போச்சா?" என்றார் மேடம்.

"போச்சு மேடம். ஏழாவது ஆள் இன்னும் வரலை."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது.

"மேடம், அஞ்சு மணிக்கு..."

"தெரியும்மா. எனக்கு மட்டும் தெரியாதா? உன் படிவத்துல கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. போட்ட மறுநாள் நீ போயிடுவே. அந்த நாப்பத்தோரு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? உனக்குப் பதிலா நிக்க ஒரு ஆள் கிடைக்கட்டும், அப்பவே போடுறேன்."

"பட்டம் வாங்கிட்டு இங்கயேதான் இருப்பேன்னு எழுதித் தர்றேன்னு சொன்னேனே மேடம்."

"எழுதித் தந்தவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நான்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்நெஞ்சக்காரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. காசிராஜனின் சவ அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரை வெயிலில் நின்றவர் மேடம்தான். நல்லவர்கள் கட்டிப்போட்டால் முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டரை மணிக்கு ஏழாவது ஆள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். ஜெபசெல்வி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முத்தையாபுரம். நெற்றியெல்லாம் வியர்வை, தோளில் ஒரு பை, கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள்.

"மன்னிச்சிருங்கக்கா. மதுரைல பஸ் மாறுன அவசரத்துல கோட்டு வச்சிருந்த கட்டைப்பைய மேல கம்பிலயே விட்டுட்டு எறங்கிட்டேன். அத தேடப் போயிதான் இவ்வளவு நேரம். கெடைக்கல."

விளம்பரத்திலேயே எழுதியிருந்தது, ஆய்வக கோட்டு கொண்டுவர வேண்டும் என்று. கோட்டு இல்லாமல் கண்ணாடிக் கதவுக்குள் காலெடுத்து வைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஸ்டோரில் புதுக் கோட்டுகள் இருந்தன; சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது; ஸ்டோர்கீப்பர் மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தார். ஜெபசெல்வியின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அழாதே. இதைப் போட்டுக்க." பூங்கோதை தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "நான் வெளியிலயே நின்னு பாக்குறேன்."

"ஒங்களுக்கு?"

"எனக்கென்ன? நான் உள்ள வரப் போறதில்லையே."

பழைய கோட்டு. கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் 'பா.து.' என்று எழுதியிருக்கும். பாண்டித்துரை என்ற சீனியருடையது. அவர் ஆறு வருடம் மஞ்சளாக ஒரு பொடியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பட்டம் இல்லாமலே வெளியே போனவர். போகிறவர் தன் கோட்டை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அந்தக் கோட்டோடு பூங்கோதை முதல் தடவை நின்றபோதே நீலப்படலம் உருவாகிவிட்டது. ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த பாண்டித்துரை ஓடிவந்து பார்த்துவிட்டு, "கைராசிம்மா உனக்கு. கோட்டைத் துவைச்சிராதே" என்றார். அதுவும் வழக்கம்தான். வேலை கூடிவந்த நாளில் போட்டிருந்த கோட்டை எந்த ஆராய்ச்சி மாணவனும் துவைக்க மாட்டான். அறிவியல் படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு அளவே கிடையாது.

"உள்ள போய் என்னக்கா செய்யணும்? என்ன பாக்காங்க இதுல?" என்று கேட்டாள் ஜெபசெல்வி, கையை மடித்துவிட்டுக்கொண்டே.

"ஊத்திட்டு நிக்கணும். கிண்ணத்தை விட்டு நகரக் கூடாது. நீலம் ஓடுச்சுன்னா..." பூங்கோதை நிறுத்தினாள். நீலம் ஓடினால் நீ மாட்டிக்கொண்டாய் என்று எப்படிச் சொல்வது? "நீலம் ஓடுச்சுன்னா உனக்கு இடம் கிடைச்சிரும்."

அந்தப் பெண் உள்ளே போய்க் கலவையை ஊற்றினாள். பூங்கோதை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உடனே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும், வேண்டாம் என்றும் தோன்றியது. பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. ஒரு காலத்தில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. இந்த வருடம் இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. பூங்கோதையின் உடம்பு பலவீனமாகிவிட்டது என்று மேடம் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரைகூட வாங்கிக் கொடுத்திருந்தார்.

இருபத்தொன்பதாவது நிமிடம் கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு ஒன்று தோன்றியது. பிறகு முழுவதும் நீலமானது.

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐந்து வருட அழுகை. வெட்கமே இல்லாமல் அழுதாள்.

மேடம் மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெபசெல்வியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்து சேர்ந்துடும்மா" என்றார். பிறகு பூங்கோதையைக் கூட்டிக்கொண்டு போய், இழுப்பறையைத் திறந்து, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான். மணி மூன்று பத்து.

படிவத்தில் இன்னொரு கையெழுத்துக்கும் இடமிருந்தது. "இந்த ஆய்வேட்டில் கூறப்பட்டவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை" என்ற வரிக்குக் கீழே. அது பூங்கோதை போட வேண்டியது. தீசிஸ் பிரதிகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போடலாம் என்று கீழே வந்தாள்.

ஜெபசெல்வி யாருக்கோ போனில், "ஆமாம்மா, கெடைச்சிட்டு, கெடைச்சிட்டு" என்று கத்திக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.

"அம்மா அளத்துல நிக்காங்கக்கா. உப்பு வாருற எடத்துலயே போன எடுத்துட்டாங்க. ஒரே அழுகை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உப்புத் தண்ணில நின்னு நின்னு அவங்க காலப் பாத்தீங்கன்னா வெடிச்சு வெடிச்சு இருக்கும். காலுல தடவுனா தோல் மேல படிஞ்சு உப்ப உள்ள விடாத ஒரு படலம் செய்யணும்னுதான் என் பிரபோசலே. மேடம் படிச்சிருப்பாங்கல்லா? எத்தனாவது மாசத்துல நான் அத ஆரம்பிக்கலாம்?"

மேடம் அந்தப் பிரபோசலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது பூங்கோதைக்குத் தெரியும்.

"இந்தாங்கக்கா ஒங்க கோட்டு." கழற்றி நீட்டியவள், தன் மணிக்கட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "கை மடிப்புல என்னமோ பொடியா உதிருது. மஞ்சளா. துவைக்க மாட்டீங்களோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பூங்கோதையும் சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பில் அவள் உடம்பு சில்லிட்டுப்போனது.

சுவரில் சலவைப் பதிவேடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரவர் கோட்டைத் துவைத்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போடுவார்கள், யாரும் துவைக்க மாட்டார்கள். அவளும் ஐந்து வருடம் வாராவாரம் போட்டிருக்கிறாள். 'செய்பவர் விளைவை' ஆராய்ந்தபோது அவளுடைய சோப்பு, எண்ணெய், சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் பட்டியல் போட்டவர்கள், கோட்டு என்று வந்ததும் இந்தப் பதிவேட்டைப் பார்த்து, வாரம் ஒரு முறை துவைக்கப்படுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். யாராக இருந்தாலும் கோட்டுப் போட்டுத்தான் நிற்கிறார்கள். எல்லோரிடமும் இருக்கிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

அவள் கேன்டீனுக்கு ஓடினாள். நாமக்கல் இளைஞர் டீயை ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க கோட்டை ஒரு அரை மணி நேரம் குடுங்க."

அவர் திகைத்துப்போய்ப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு, பூங்கோதை கண்ணாடிக் கதவுக்குள் போய், ஆயிரம் தடவைக்கு மேல் செய்த வேலையை இன்னொரு தடவை செய்தாள். மணி மூன்று முப்பத்தைந்து. கலவையை ஊற்றிவிட்டு நின்றாள்.

வெளியிலிருந்து ஜெபசெல்வி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நிமிடமே முதல் கட்டி மிதந்து வந்தது.

அவள் கையில், அவள் மூச்சுக்குக் கீழே, ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கிண்ணம் திரிந்தது. மீதி நிமிடங்களை அவள் வீணாகவே நின்று தீர்த்தாள். நகர முடியவில்லை. பிறகு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை," என்றாள்.

"என்னக்கா சொல்லுதீங்க?"

சொன்னாள். நாற்பத்தோரு பேரையும் சொன்னாள், ஒன்பது நாளையும் சொன்னாள், கோட்டையும் சொன்னாள். ஜெபசெல்வி கேட்கக் கேட்க அவள் முகத்திலிருந்த வெளிச்சம் வடிந்துகொண்டே போனது.

"அப்ப என்னைய எடுத்தது என் படிப்புக்கு இல்லியா? நான் ஒரு கோட்டு ஸ்டாண்டுன்னுதானா?"

பூங்கோதைக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தன்னிடமே ஐந்து வருடம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கோட்டின் கை மடிப்பை விளக்கடியில் பிரித்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் மஞ்சள் படை படையாக இருந்த ஞாபகம். இப்போது தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். இருபது நிமிடம் இருபத்தொன்பதானது ஏன் என்று இப்போது புரிந்தது. உடம்புச் சூட்டிலும் அசைவிலும் துளித்துளியாக உதிர்ந்து கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்த பொடி தீரப் போகிறது. அது தீர்ந்தால் நாற்பத்தோரு பெட்டிகளும் நிற்கும். ஜெபசெல்வி நின்றாலும் சரி, அவளே நின்றாலும் சரி.

நாலு இருபத்தைந்துக்குப் படிவத்தையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சலவைப் பதிவேட்டுல நீ கையெழுத்துப் போட்டிருக்கே."

"போட்டிருக்கேன் மேடம். பொய்க் கையெழுத்து. வாராவாரம்."

"அதை வச்சு அஞ்சு வருஷம் நான் ஊர் ஊராப் போய்..." மேடம் முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. மணி நாலரை. முதல்ல கீழ போய் தீசிஸைக் குடு. திங்கக்கிழமை காலையில நாம ரெண்டு பேரும் சேர்ந்து இதைக் கண்டுபிடிப்போம். புதுக் கண்டுபிடிப்பு. 'செய்பவர் விளைவு'க்கு அடுத்த கட்டம்னு எழுதலாம். உனக்குப் பட்டமும் வரும், பேரும் வரும். அந்த நாப்பத்தோரு பேருக்கும் ஒரு குறையும் வராது. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே தெரியவில்லை. அதுதான் பயங்கரம். இரண்டு நாள். சனி, ஞாயிறு. அதற்காக ஏழு வருடத்தைத் தூக்கிப் போடுவார்களா? கணவனின் முகம் வந்தது. அம்மா வந்தாள். படிவத்தில் தன் கையெழுத்துக்கான காலி இடத்தையே பூங்கோதை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறிந்தவரை உண்மை. நேற்று வரை அது உண்மையாகத்தான் இருந்தது. இன்றைக்கு மத்தியானம் போட்டிருந்தால்கூட உண்மைதான்.

"இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான் மேடம்," என்றாள்.

"அதுக்கு?"

"இன்னொரு வெள்ளிக்கிழமைக் கையெழுத்து என்னால போட முடியாது. நான் மொதல்லயே ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், 'துவைக்கலை'ன்னு எழுதியிருந்தா, எனக்கு டெங்கு வந்தப்போ வேற யாராவது இந்தக் கோட்டைப் போட்டுட்டு நின்னிருப்பாங்க. காசிராஜன் சார் இருந்திருப்பார்."

மேடம் கோட்டின் கை மடிப்பை இழுத்துப் பார்த்தார். "அந்த மஞ்சள் என்ன பொருள்? எங்கேர்ந்து வந்துச்சு உன் கோட்டுல?" என்றார்.

"என் கோட்டு இல்லை மேடம் இது." பூங்கோதை கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். "பாண்டித்துரை அண்ணனோடது."

அந்தப் பெயர் அந்த அறையில் ஐந்து வருடமாகக் கேட்டதில்லை. மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இதே மேசைக்கு முன்னால்தான் பாண்டித்துரை நின்றிருந்தார், ஆறு வருட வேலையோடு. எதிலும் ஒட்டாத, எதையும் செய்யாத குப்பை என்று மேடம் சொன்னார். பாண்டித்துரை வெளியேறிய அதே வாரம் அவருடைய புட்டிகளைக் கழிவில் கொட்டச் சொன்னார். நோட்டுகளை எடைக்குப் போட்டார்கள். அந்தப் பொருளில் உலகத்தில் மிச்சமிருந்தது இந்தக் கோட்டின் கை மடிப்பில் இருந்தது மட்டும்தான்.

"அதை எப்படிச் செஞ்சான்?" என்றார் மேடம் மெதுவாக. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. நான் சரியாப் படிக்கக்கூட இல்லை."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்திரண்டு. பக்கத்துக் கட்டடத்துக்கு நடக்க நான்கு நிமிடம் போதும். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஜெபசெல்வி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்கத் தயங்கி அங்கேயே நின்றுவிட்டாள். பூங்கோதை கையை நீட்டி, மேசை மூலையில் மற்ற விண்ணப்பங்களுக்கு அடியில் கிடந்த ஜெபசெல்வியின் பிரபோசலை உருவி, மேடத்தின் முன்னால் வைத்தாள்.

ஐந்து மணி அடித்தது. பூங்கோதையின் நெஞ்சில் ஏதோ அறுந்து விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. போனை எடுத்தாள்.

பாண்டித்துரையின் எண் மாறியிருக்கவில்லை. பரமக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் என்று கேள்வி. டப்பாவைக் குலுக்கிக் கலர் கலக்கும் இயந்திரத்தின் கடகடப்புக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"யாரு? பூங்கோதையா! என்னம்மா இத்தனை வருஷம் கழிச்சு? கைராசியெல்லாம் எப்படி இருக்கு?"

"அண்ணே, போகும்போது எனக்கு ஒரு கோட்டுக் குடுத்தீங்களே."

"ஆமா."

"அதுல கை மடிப்புல மஞ்சளா ஒரு கறை."

"அடிப்பாவி! அதை இன்னும் துவைக்கலையா நீ?" அவர் கடகடவென்று சிரித்தார். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு தானாக நின்றது. இயந்திரமும் நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். "என்னம்மா விஷயம்?"

பூங்கோதை சுருக்கமாகச் சொன்னாள். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இரண்டு தடவை உடைந்தது. எதிர்முனையில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"மேடம் பக்கத்துல இருக்காங்களா?" என்றார் கடைசியில்.

மேடம் முன்னால் குனிந்தார். "இருக்கேன் பாண்டித்துரை." போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "உன் நோட்டையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னது நான்தான். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேக்குறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா நாப்பத்தோரு பேர் இருக்காங்க. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"என் கல்யாண நாளை எம் பொண்டாட்டிதான் மேடம் ஞாபகப்படுத்தணும்," என்றார் பாண்டித்துரை. "இது அப்படியில்லை. ராத்திரி படுத்தா இன்னும் ஓடும். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எந்த வரிசையில. ஒண்ணு விடாம ஓடும்." கொஞ்சம் நிறுத்தினார். "பூங்கோதை, எழுதிக்கிறியாம்மா?"

அவள் அவசரமாகக் காகிதம் தேடினாள். கைக்கு எட்டிய தூரத்தில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. மேடத்தின் கையெழுத்தோடு, அவள் கையெழுத்து இல்லாமல். அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

முதல் வரியில் 'பாண்டித்துரை' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, "சொல்லுங்கண்ணே," என்றாள்.